எண்ணுவதற்கு மட்டுமா பணம்? ஊராட்சி மகளிர் கூட்டமைப்புகளுக்கு நிதி தரும் வழிகள்: ஓர் ஒப்பீடு

கிராமத்தில் தகவலுக்குப் பஞ்சம் கிடையாது. எந்தத் தெருக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை, யாருக்கு விதவைப் பென்ஷன் நின்றுபோனது, எந்த வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்பதெல்லாம் மகளிர் குழுக் கூட்டத்தில் உட்காரும் பெண்களுக்கு மனப்பாடம். ஊராட்சியின் ஆண்டுத் திட்டம் எழுதப்படும்போது மேசையில் இருப்பதோ வேறு காகிதங்கள்: 2011 மக்கள்தொகைக் கணக்கு, அதே ஆண்டு தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு, ஊரில் என்னென்ன வசதி இருக்கிறது என்று டிக் அடிக்கும் மிஷன் அந்தியோதயா படிவம். 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போனதால் பழைய எண்களுக்கு ஆயுசு கூடிவிட்டது.

இந்த இடைவெளியை அடைக்கப் பணம் தர அறக்கட்டளைகள், கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பிரிவுகள், சொந்த ஊருக்காகச் சேர்ந்து பணம் போடும் வெளிநாட்டு நண்பர்கள் எனப் பலர் முன்வருகிறார்கள். உங்களிடம் மூன்று வருடங்களுக்கு, பத்து ஊராட்சிகளுக்கு ஒரு தொகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊர் மக்கள் அமைப்புகள் தங்கள் ஊர்த் தகவலைத் தாங்களே திரட்டி, அதைக் கொண்டு ஊராட்சித் திட்டத்தை மாற்ற வேண்டும் என்பது உங்கள் விருப்பம். பணத்தை யாரிடம், எந்த நிபந்தனையில் கொடுப்பது? தமிழ்நாட்டை வைத்தே பேசுகிறேன். தேவையான இடத்தில் கேரளத்தையும் ராஜஸ்தானையும் தொட்டுக்கொள்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்புக்கு, அதாவது அந்த ஊராட்சியின் மகளிர் குழுக்கள் எல்லாம் சேர்ந்த அமைப்புக்குக் கொடுங்கள். கணக்கெடுக்கும் செலவோடு, கணக்கில் தெரியவந்ததில் ஒன்றிரண்டையாவது அவர்களே சரிசெய்ய ஒரு தொகையையும் சேர்த்துக் கொடுங்கள். இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். அது இல்லாமல் கொடுப்பதாக இருந்தால் கீழே சொல்லும் எல்லா வழிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: அலமாரியில் ஓர் அறிக்கை.

தொண்டு நிறுவனம் வழியாக

பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது இதைத்தான். காரணம் புரிகிறது. தொண்டு நிறுவனத்திடம் பதிவு, வருமான வரிச் சான்றுகள், தணிக்கை செய்த கணக்கு எல்லாம் தயாராக இருக்கும். ஆள் இருப்பார்கள், டேப்லெட் இருக்கும், ஆறு மாதத்தில் பத்து ஊராட்சிக்கும் வண்ண வரைபடத்தோடு அறிக்கை வந்துவிடும். கேள்விகளை முறையாகத் தயாரிப்பார்கள்; சேகரித்த விவரத்தில் தப்புத் தவறு குறைவாக இருக்கும்.

குறை எங்கே என்றால், கேள்வி ஊரில் பிறப்பதில்லை. நிறுவனம் பத்து ஊருக்கும் ஒரே படிவத்தைத்தான் கொண்டுபோகும். அப்போதுதான் ஒப்பிட முடியும், நன்கொடையாளருக்குக் காட்ட முடியும். “வீட்டில் குழாய் இணைப்பு உள்ளதா?” என்று படிவம் கேட்கும். 2019-ல் ஜல் ஜீவன் இயக்கம் தொடங்கிய பிறகு பல ஊர்களில் அதற்குப் பதில் “ஆம்”. ஊர்ப் பெண்கள் கேட்க நினைப்பது வேறு: தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, மேட்டுத் தெருவுக்கு ஏறுகிறதா, கோடையில் எத்தனை நாள் லாரிக்குக் காசு கொடுத்தோம்? ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அந்தத் திட்டத்தின் அளவுகோல். இணைப்புகளை எண்ணி அதைச் சரிபார்க்க முடியாது. குடம் கணக்கில்தான் முடியும்.

இரண்டாவது குறை, திட்டம் முடிந்ததும் டேப்லெட்டும் பாஸ்வேர்டும் நிறுவனத்தோடு போய்விடும். அடுத்த வருடம் யார் புதுப்பிப்பது? கூட்டமைப்புத் தலைவியிடம் மிஞ்சுவது ஆங்கிலத்தில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு பிரதி. அதைக் கிராம சபையில் எடுத்துப் படிக்க முடியுமா?

ஆனாலும் சில வேலைகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நிலத்தடி நீர், மண், கடலோர உப்பேற்றம் போன்றவற்றில் அளவிடும் முறையே முக்கியம். அங்கே அனுபவமுள்ள நிறுவனத்தைத்தான் நம்ப வேண்டும். அதிலும்கூட ஊரார் பங்குக்கு இடம் உண்டு. தண்ணீரைச் சோதித்துப் பார்க்க ஊருக்கு ஐந்து பெண்களுக்காவது சோதனைப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும் என்று ஜல் ஜீவன் வழிகாட்டுதலே சொல்கிறது.

ஊராட்சி வழியாக

சட்டப்படி பார்த்தால் இதுதான் நேர்வழி. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்குத் திட்டமிடும் பொறுப்பைத் தந்தது. 2015 முதல் ஒவ்வொரு கிராம ஊராட்சியும் வளர்ச்சித் திட்டம் எழுத வேண்டும். 2018 முதல் அக்டோபர் 2-ஐ ஒட்டி அதற்கென்று நாடு முழுக்க இயக்கம் நடக்கிறது. மகளிர் கூட்டமைப்புகள் தங்கள் பகுதியின் கோரிக்கைகளைத் தொகுத்து வறுமை ஒழிப்புத் திட்டமாகக் கிராம சபையில் வைக்கலாம் என்ற ஏற்பாடும் இருக்கிறது. காகிதத்தில் எல்லாமே இருக்கிறது.

நடைமுறையில் இரண்டு முட்டுக்கட்டைகள். முதலாவது, தீர்மானிக்க மிஞ்சும் பணம் குறைவு. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை கிராம உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்திலும் ஏற்கெனவே வரிசையில் நிற்கும் வேலைகள் ஏராளம். மக்கள் எவ்வளவு அருமையான கணக்கைக் கொண்டுவந்தாலும், “நல்லது, பார்க்கலாம்” என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவதோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது முட்டுக்கட்டை தமிழ்நாட்டுக்கே உரியது. இங்கே ஊராட்சிகள் இருக்கும், ஊராட்சித் தலைவர்கள் இருக்க மாட்டார்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2019 டிசம்பர் வரை ஊரகத் தேர்தல் நடக்கவில்லை. அப்போது 27 மாவட்டங்களில் நடந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் தலைவர்களின் இடத்தில் மறுபடி அரசின் தனி அலுவலர்கள் வந்தார்கள். மூன்று வருடத் திட்டத்துக்குப் பணம் தருகிறவர் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட தலைவர் பாதியில் இருக்க மாட்டார். வருகிற தனி அலுவலருக்குப் பல ஊராட்சிகள் பொறுப்பில் இருக்கும். இதே காலத்தில் மகளிர் குழுக்கள் எந்தத் தேர்தலுக்கும் காத்திராமல் கூடிக்கொண்டுதான் இருந்தன.

இதில் ஒரு விஷயம் மட்டும் பயன்படுத்திக்கொள்ள வேண்டியது. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்காக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். கணக்கெடுப்புக்கு அதில் பணம் கேட்க முடியாது, கட்டுமான வேலைக்குத்தான். ஆனால் கணக்கெடுப்பில் தெரியவந்த ஒரு குறையைச் சரிசெய்ய உங்கள் ஒரு ரூபாயை மூன்று ரூபாய் வேலையாக மாற்ற இது நல்ல வாசல்.

படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி

கூட்டமைப்பில் இருக்கும் சமூக வளப் பயிற்றுநர்களுக்கு, அதாவது களவேலைக்குப் பயிற்சி பெற்ற பெண்களுக்கு, ஒரு வீட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்துக் கணக்கெடுக்கச் சொல்வது. மலிவு, வேகம், பெண்கள் கையில் காசும் வரும். ஆனால் படிவத்துக்குக் காசு கொடுத்தால் படிவம்தான் வரும். கதவு பூட்டிய வீட்டுக்கு இரண்டாம் முறை யார் போவார்கள்? பூட்டிய வீடுகள்தான் பெரும்பாலும் கூலிக்கு வெளியூர் போன வீடுகள். ஒரே ஒரு தடவை எடுக்கும் சிறு கணக்குக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம்.

கூட்டமைப்புக்கு நேரடியாக

இதை நீட்டிப் பேச வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் இது ஏற்கெனவே பெரிய அளவில் நடந்து பார்த்த விஷயம். 2005-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய புதுவாழ்வுத் திட்டம் கடைசியில் 26 மாவட்டங்களில் 120 ஒன்றியங்கள் வரை பரவியது. அதன் அடித்தளம் ஒரு பட்டியல். ஊரார் கூடி உட்கார்ந்து, தெருத் தெருவாக, யார் மிகவும் ஏழை, யார் ஏழை, யார் நடுத்தரம், யார் வசதி என்று தாங்களே பிரித்தார்கள். அந்தப் பட்டியலைக் கிராம சபை ஏற்க வேண்டியிருந்தது. கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் என்ற அமைப்பின் கணக்குக்கே பணம் வந்தது. தவணை தவணையாக, முந்தைய தவணையை ஒழுங்காகச் செலவழித்தால் அடுத்தது. தனியாக ஒரு சமூகத் தணிக்கைக் குழுவும் இருந்தது.

அந்தப் பட்டியலுக்காக ஊர்களில் நடந்த வாக்குவாதங்கள் சாதாரணமானவை அல்ல. காரணம் எளிது: பட்டியலில் பெயர் இருந்தால் கடன், உதவித்தொகை, பயிற்சி கிடைக்கும். பணம் கூடவே வந்ததால்தான் பெயர்கள் மீது ஊர் கண் வைத்தது. யாரை விட்டோம், யாரைத் தப்பாகச் சேர்த்தோம் என்று திருத்தியது. பணம் இல்லாத கணக்கெடுப்பில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், அதனாலேயே அதில் பிழை தங்கிவிடும்.

அதே திட்டக் காலத்தில் உலக வங்கியின் ஆராய்ச்சிக் குழு ஒன்று தமிழ்நாட்டில் இன்னொன்றையும் செய்து பார்த்தது. கூட்டமைப்புப் பெண்களே கேள்விகளைத் தயாரித்து, டேப்லெட்டில் அவர்களே வீடு வீடாகக் கேட்டு, முடிவுகளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி படங்களாக மாற்றி ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேசும் முறை. வல்லுநர்களின் படிவத்தில் வறுமை என்றால் வருமானம், செலவு, சொத்து. இந்தப் பெண்களின் கேள்விகளில் குடும்பத்தில் முடிவு யார் எடுக்கிறார்கள், யாரிடம் கேட்காமல் வெளியே போக முடியும் என்பது போன்ற விஷயங்களும் வந்தன. தகவல் திரட்டும் திறமை ஊரில் இருக்கிறதா என்ற கேள்விக்கு அதோடு பதில் கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

கேரளம் இதைவிடப் பெரிய சான்று. 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் அறிவித்தார்கள். அதற்கு அப்புறம்தான் ஒவ்வொரு ஊராட்சியும் தன் வளர்ச்சி அறிக்கையை எழுதியது. ஊர் வரலாறு, நிலம், நீர், தொழில் என்று உள்ளூர் ஆட்களே திரட்டினார்கள். அறிக்கைகள் அச்சாகின, கருத்தரங்குகளில் விவாதிக்கப்பட்டன. கையில் செலவழிக்க நிதி வருகிறது என்று தெரிந்ததால் அத்தனை பேர் அத்தனை நாள் உட்கார்ந்தார்கள். வழக்கமாக நன்கொடையாளர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் கணக்கெடுங்கள், நன்றாக வந்தால் நிதியைப் பற்றிப் பேசலாம் என்பார்கள்.

சரி, கூட்டமைப்பில் குறையே இல்லையா? நிறைய இருக்கிறது. நன்கொடையாளர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று, கூட்டமைப்பு முதன்மையாகக் கடன் அமைப்பு என்பது. வாரத் தவணை வசூலிக்கும் பெண்ணே கையில் படிவத்தோடு வந்து “மாத வருமானம் என்ன, வெளியில் எவ்வளவு கடன்?” என்று கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? ஆகவே வருமானம், கடன் இரண்டையும் கூட்டமைப்பின் கணக்கெடுப்பில் வைக்கவே கூடாது. தண்ணீர், தெருவிளக்கு, பென்ஷன், ரேஷன், அங்கன்வாடி, பேருந்து, சுடுகாட்டுப் பாதை என்று பொதுச் சேவைகளை எண்ணட்டும். அங்கே மறைக்க யாருக்கும் காரணம் இல்லை.

அடுத்தது சாதி. ஒரே ஊராட்சி என்றாலும் ஊரும் காலனியும் வேறு வேறு. கூட்டமைப்பின் பொறுப்புகள் ஊர்ப் பக்கமே தங்கிவிட்டால் கணக்கும் ஊர்த் தெருக்களிலேயே சுற்றும். காலனியில் ஒரு வீட்டில் கேட்டு மீதியை நிரப்பிவிடுவதும் நடக்கும். இதற்கு என் நிபந்தனை ஒன்றே: கணக்கெடுக்கும் இருவரில் ஒருவர் காலனிப் பெண்ணாக இருக்க வேண்டும், முடிவுகளை ஊராட்சி மொத்தமாகக் காட்டாமல் குக்கிராம வாரியாகவே காட்ட வேண்டும். மொத்தக் கணக்கு சராசரியில் எல்லாவற்றையும் மூடிவிடும். குக்கிராம வாரியாகப் போட்டால் எந்தக் குடியிருப்பில் விளக்கு எரியவில்லை என்பது ஊர்ச் சுவரில் ஒட்டும் கணக்கிலேயே தெரியும்.

பேசும் உரிமை மூன்றாவது. தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வந்து உட்காருவதில் பெண்கள் குறைவில்லை, பெரும்பாலான இடங்களில் அவர்கள்தான் அதிகம். மைக் மட்டும் ஆண்கள் கையில். ஒருத்தி தனியாக எழுந்து “எங்க தெருவுல தண்ணி வரல” என்றால் உட்காரம்மா என்று சொல்லிவிடுவார்கள். நாற்பது வீட்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பேர் எழுந்தால் அப்படிச் சொல்வது சிரமம். கணக்கெடுப்பின் பெரிய பயன் இதுதான் என்பது என் எண்ணம். அதிகாரிகளுக்குப் புதுத் தகவல் கிடைப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கூட்டமைப்பை யார் சரிபார்ப்பது? இதற்கு ராஜஸ்தான் அனுபவம் இருக்கிறது. 1990-களில் அங்கே தொழிலாளர், விவசாயிகள் சங்கம் ஊராட்சிச் செலவுப் பட்டியல்களைப் பொது இடத்தில் உரக்கப் படித்துச் சரிபார்த்த மக்கள் விசாரணைகளிலிருந்துதான் சமூகத் தணிக்கை என்பதே பரவியது. 2005-ன் நூறு நாள் வேலைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அதன் விதிகளில் எனக்குப் பிடித்தது, தணிக்கைக்குப் போகிறவர் தன் சொந்த ஊராட்சியைத் தணிக்கை செய்யக் கூடாது என்பது. உங்கள் பத்து ஊராட்சிகளிலும் அதையே செய்யலாம்: இந்த ஊர்ப் பெண்கள் எடுத்த கணக்கில் இருபது வீட்டை அடுத்த ஊர்ப் பெண்கள் போய்ச் சரிபார்க்கட்டும். செலவு பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும்.

சட்டம் அனுமதிக்கிறதா?

நல்ல எண்ணம் பல இங்கேதான் நின்றுபோகிறது. சி.எஸ்.ஆர். பணத்தை வாங்கிச் செயல்படுத்தும் அமைப்புக்கு வருமான வரி விலக்குக்கான பதிவுகளும் மூன்று வருட முன்னனுபவமும் வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து அரசுத் தளத்தில் தனிப் பதிவும் வேண்டும். சாதாரண ஊராட்சிக் கூட்டமைப்பிடம் இவை இருக்காது. வெளிநாட்டுப் பணம் இன்னும் கடினம். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்ட பிறகு, அதில் பதிவுள்ள ஒரு நிறுவனம் தான் வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50-லிருந்து 20 சதவீதமாக இறங்கிவிட்டது. பெரிய நிறுவனம் வாங்கிச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும் பழைய வழி அதோடு மூடியது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இந்தச் சட்டத்தில் வெளிநாட்டுப் பணம் ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும். ஒரே நண்பர் குழுவில் இரண்டு வகையினரும் இருப்பார்கள், ஜாக்கிரதை.

ஆகவே உள்நாட்டு அறக்கட்டளை, உள்நாட்டுத் தனிநபர் நன்கொடை என்றால் கூட்டமைப்புக்கு நேரடியாகக் கொடுங்கள், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. சி.எஸ்.ஆர். என்றால் தொண்டு நிறுவனம் பெயரில்தான் ஒப்பந்தம் போட முடியும். ஆனால் என்ன எண்ணுவது, எதில் செலவழிப்பது என்பதைக் கூட்டமைப்பின் தீர்மானமே முடிவு செய்யும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். இதற்கு ஒப்புக்கொள்ளாத நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டு விவரங்களை யார் வைத்திருப்பது என்பதையும் அதிலேயே சேர்க்க வேண்டும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சுவரில் ஒட்டுவது தெருக் கணக்காக இருக்கட்டும், நோயும் ஊனமும் பெயரோடு போக வேண்டாம்.

எப்படிப் பிரிப்பது

நூறு ரூபாயில் நாற்பதை ஊரே தீர்மானிக்கும் தொகையாக வைப்பேன். முப்பது, கணக்கெடுக்கும் பெண்களுக்கு மாதச் சம்பளமாகவும் போக்குவரத்துக்கும். மாதச் சம்பளம் என்றால்தான் பூட்டிய வீட்டுக்கு மறுபடி போவார்கள். இருபது, ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும்: பயிற்சி, தொகுப்பு, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் உடன் போவது. பத்து, பக்கத்து ஊர்ச் சரிபார்ப்புக்கும் தணிக்கைக்கும். விகிதம் ஊருக்கு ஊர் மாறலாம். முதல் நாற்பதைக் குறைத்து மற்றதைக் கூட்டச் சொல்லி யாராவது வருவார்கள், அதற்கு மட்டும் இடம் கொடுக்க வேண்டாம். சிமென்ட் ரோடு போடும் அளவுக்கு அந்த நாற்பது வராது. ஒரு தெருவுக்குக் குழாய் வால்வு மாற்ற, ஆறு விளக்கு போட, ‘நமக்கு நாமே’ பங்கு கட்ட வரும்.

கூட்டமைப்பு ஒரே குடும்பத்தின் பிடியில் இருக்கிறது, கணக்குப் புத்தகம் ஒரு வருடமாக எழுதவில்லை என்றால் அந்த ஊராட்சியில் இதைச் செய்யாதீர்கள். அங்கே தொண்டு நிறுவன வழிதான் தற்போதைக்கு. தேர்ந்தெடுக்கப்பட்ட நல்ல தலைவர் புதிதாக வந்திருந்தால், ஐந்து வருடப் பதவிக்காலம் இன்னும் மீதி இருந்தால், ஊராட்சியையும் ஒப்பந்தத்தில் மூன்றாவது தரப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, மாதம். கம்பெனிப் பணம் பெரும்பாலும் நிதியாண்டு முடிவில், பிப்ரவரி, மார்ச்சில் அவசரமாக வரும். வந்த கையோடு கணக்கெடுப்பை ஆரம்பிக்காமல் மார்ச் 22, மே 1 கிராம சபைகளைக் கேள்விகள் தேர்ந்தெடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஜூன், ஜூலையில் எண்ணி, ஆகஸ்ட் 15 அன்று தெருக் கணக்கைப் படித்து, திருத்தங்களைக் கேட்டு வாங்கினால் அக்டோபர் 2-க்குள் திட்டத்தில் சேர்க்கப் பட்டியல் தயாராகிவிடும். ஊர் தீர்மானிக்கும் தொகையின் முதல் தவணை மே மாதமே கூட்டமைப்புக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும், எண்ணத் தொடங்கும் முன்பே.